மோந்து பார்க்கும் உரிமை!

உங்களிடம் ஒரு கேள்வி. ஒயின் ஷாப்பில் யாராவது ஒயின் வாங்கி நீங்கள் பார்த்ததுண்டா?

நான் பார்த்ததில்லை. பிராந்தி வாங்குவார்கள், ரம் வாங்குவார்கள், கோடையில் பீர் வாங்குவார்கள். பெயர் மட்டும் ஒயின் ஷாப். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்து, தனியார் கடைகளின் 'ஒயின்ஸ்' போர்டுகளெல்லாம் கழற்றப்பட்ட பிறகும் நம் வாயிலிருந்து அந்தப் பெயர் போகவில்லை. பால் இல்லாத கடைக்குப் பால் பூத் என்று பெயர் வைத்தால் சண்டைக்குப் போவோம். இதற்கு மட்டும் போகமாட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை.

இப்படி நான் பொருமுவதற்குக் காரணம் வாலாஜாபாத்தில் கழித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பாலாற்றங்கரை ஊர். நவாப் வாலாஜாவின் பெயரைச் சுமக்கிற ஊர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரமடித்த ஊர். இன்றைக்கு செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் இருக்கும் அதன் ரயில் நிலையத்தில், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் பிறந்த கார்கள் வரிசையாக சரக்கு ரயில் ஏறுகின்றன. விடிகாலையில் கம்பெனி பஸ்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் அள்ளிக்கொண்டு போகும். என் பள்ளித் தோழன் அப்படி ஒரு பஸ்ஸில் போகிறவன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.

அவனுடைய மேலதிகாரி ஒரு ஜப்பானியர். மூன்று வருஷப் பணி முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தன் அலமாரியைக் காலி செய்து ஆறு ஒயின் பாட்டில்களை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாசிக் வெள்ளை, ஒரு கர்நாடகச் சிவப்பு, ஒரு சிலி, ஒரு பிரான்ஸ், கடைசியாக கோவாவின் இனிப்பான போர்ட். "இதை என்னடா பண்றது?" என்று போன் செய்தான்.

"குடிக்காதே. பரீட்சை வைப்போம்" என்றேன்.

ஒயினை மதிப்பிடுவது என்பது குடிப்பது அல்ல, வாசகர்களே. உலகம் முழுக்க அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் வாயில் ஊற்றிக்கொண்டதைத் துப்பிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு மாதிரி பார்க்கிறவன் விழுங்கினால் சாயங்காலம் மார்க் ஷீட்டில் பேனா நிற்காது. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன்னால் ருசி பார்க்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். உறிஞ்சு, உருட்டு, துப்பு, எழுது.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. பாட்டில்கள் மீது பழைய தினத்தந்தி சுற்றி நம்பர் போட்டோம். நிறம் பார்க்க மேஜையில் வெள்ளை சார்ட் பேப்பர். வாயைச் சுத்தம் செய்ய பொரி. துப்ப ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மார்க் இருபதுக்கு. அமெரிக்காவில் டேவிஸ் பல்கலைக்கழகம் பிரபலப்படுத்திய பழைய முறை அது. பின்னால் ராபர்ட் பார்க்கர் என்ற விமர்சகர் நூறு மார்க் முறையைக் கொண்டுவந்து உலகச் சந்தையையே ஆட்டிவைத்தார் என்பது வேறு கதை.

நீதிபதிகள் ஐந்து பேர். நண்பன், நான், பக்கத்து வீட்டு வாத்தியார், ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பனின் தாய்மாமா, அப்புறம் நண்பனின் மனைவி. "நான் வாயில வைக்கமாட்டேன் அண்ணே, மோந்து மட்டும் பார்க்கிறேன்" என்றார் அந்தம்மா. சரி என்றேன். ஆறு பாட்டிலோடு ஏழாவதாக ஒரு டம்ளரையும் நான் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு.

முதல் டம்ளர், நாசிக் சாவின்யோன் ப்ளாங்க். புத்தகங்களில் இதற்கு 'கூஸ்பெர்ரி', 'அஸ்பாரகஸ்' என்று எழுதியிருப்பார்கள். வாலாஜாபாத் சந்தையில் இரண்டும் கிடைக்காது. வாத்தியார் மோந்துவிட்டு "செங்காயா இருக்கிற கொய்யா" என்றார். அந்தம்மா "பச்சைக் குடைமிளகாய் நறுக்கின கத்தி" என்றார். அபாரம்! அந்தத் திராட்சையில் இருக்கும் ஒரு வாசனைப் பொருள்தான் குடைமிளகாயிலும் இருக்கிறது. பதினான்கு மார்க்.

இரண்டாவது, செனின் ப்ளாங்க். தேன் வாசனை, கொஞ்சம் இனிப்பு, நுங்குத் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பதின்மூன்று.

மூன்றாவது, கர்நாடக ஷிராஸ். "அட, மிளகு ரசம்!" என்றார் அந்தம்மா, டம்ளர் மூக்குக்கு வரும் முன்பே. எனக்குப் புல்லரித்தது. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்கு என்ன காரணம் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் தேடி 2008-ல் அறிவித்தார்கள். ரோட்டண்டோன் என்ற பொருள். நம் கறுப்பு மிளகில் இருப்பதும் சாட்சாத் அதே ரோட்டண்டோன். ஆய்வுக்கூடம் தேடியதை அடுப்படி மூக்கு இரண்டு வினாடியில் சொல்லிவிட்டது. பதினைந்தரை. அன்றைய முதல் மார்க் இதற்குத்தான்.

சிலி நாட்டு கேபர்னே, நாக்கின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது. ஒயின்காரர்கள் இதை டேனின் என்பார்கள். வெறும் வாயில் பாக்கு மென்றால், வாழைப்பூவைக் கடித்தால் வருகிற அதே துவர்ப்பு. மேல்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சுவை நான்கு என்றுதான் ரொம்பக் காலம் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் துவர்ப்பையும் சேர்த்து அறுசுவை என்று பட்டியல் போட்டு எத்தனை நூற்றாண்டு ஆகிறது! ஒயினை மதிப்பிடுவதற்கு வேண்டிய பாதி அகராதி நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. 'சிகார் பாக்ஸ்', 'பிளாக் கரன்ட்' என்று உருப்போட்டு ஒப்பிக்கிற நட்சத்திர ஹோட்டல் பந்தாவுக்கு நாம் பயப்படவே வேண்டாம். சிலிக்குப் பதினான்கு. கோவா போர்ட்டுக்கு சராசரி பதினொன்று. மாமா மட்டும் அதற்குப் பதினெட்டு போட்டார். அவருக்கு இனிப்பு பிடிக்கும். அது அவர் உரிமை.

ஐந்தாம் நம்பர் டம்ளரில்தான் பிரச்னை. எல்லோரும் முகத்தைச் சுளித்தோம், காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தம்மாதான் சொன்னார்: "மழையில நனைஞ்ச சாக்கு அண்ணே. ரேஷன் கடை மூலையில கிடக்குமே, அது."

சராசரி நான்கு மார்க். தினத்தந்தியைப் பிரித்தால், உள்ளே பிரெஞ்சுக்காரர்! ஒட்டியிருந்த விலை ஏழாயிரத்துச் சொச்சம். உடனே வாத்தியார் பேனாவை எடுத்தார். "அப்படின்னா ஒரு பன்னிரண்டாவது போடலாமே சார்?"

வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் ப்ரோஷே என்ற ஆய்வாளர் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்ற வியாபாரி லேபிளை மறைத்துப் போட்டி வைத்தபோது, பிரெஞ்சு நீதிபதிகளே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுத் திகைத்து நின்றார்கள். லேபிளும் விலையும் கண்ணில் பட்டால் நாக்கு பொய் சொல்லும். அதனால்தான் தினத்தந்தி.

ஈரச் சாக்கு வாசனைக்கு வருவோம். ஒயின்காரர்கள் இதை 'கார்க் அடித்தது' என்பார்கள். தக்கையில் பூஞ்சை வேலையால் உண்டாகும் ஒரு ரசாயனம், லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். பெரிய ஹோட்டலில் ஒயின் கேட்டால், சிப்பந்தி முதலில் ஒரு மடக்கு மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? நம் ஆட்கள் அதை ஏதோ மரியாதை என்று நினைத்து, குடித்துவிட்டுப் பிரமாதம் என்று தலையாட்டுவார்கள். மரியாதையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சரக்கு கெட்டிருக்கிறதா பார், கெட்டிருந்தால் திருப்பி அனுப்பு என்று வாங்குபவனுக்குக் கொடுக்கும் அவகாசம் அது. அந்த ஒரு மடக்குக்குப் பெயர் நுகர்வோர் உரிமை.

இப்போது ஏழாவது டம்ளர்.

நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக முடிந்தது. வாத்தியார் "நெயில் பாலிஷ்" என்றார். அந்தம்மா "வார்னிஷ் டப்பாவுல கருகின சர்க்கரை" என்று தள்ளிவைத்தார். மாமா ஒரு வாய் வைத்து, பக்கெட்டில் துப்பி, "எந்த நாட்டுச் சரக்கு தம்பி இது? சகிக்கலை" என்று இருபதுக்கு இரண்டு போட்டார்.

எந்த நாட்டுச் சரக்கும் இல்லை. மாமா இருபது வருஷமாக ஒரே பிராண்டாகக் குடித்துவரும் பிராந்தி. அவருடைய அலமாரியிலிருந்தே எடுத்த குவார்ட்டர். ஒரு பங்குக்கு இரண்டே கால் பங்கு தண்ணீர் சேர்த்து ஒயினின் பலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இருபது வருஷம் கூடவே இருந்த ஒன்றை அந்த மனிதரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் அதை ருசித்ததே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மடக்கு. பின்னாலேயே ஊறுகாய். விளக்கெண்ணெய் குடிக்கும் குழந்தை மாதிரி! தமிழ்நாட்டில் குடிக்கும் பெரும்பாலோர் இப்படித்தான் குடிக்கிறார்கள். ருசிக்காகக் குடிக்கிறவன் நிதானமாகக் குடிப்பான். ருசியிலிருந்து தப்பிக்கக் குடிக்கிறவன் வேகமாகத்தான் குடித்தாக வேண்டும்.

நான் பி.காம். கணக்கு போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். 13 சதவிகித ஒயினில் ஒரு முழு பாட்டில், 750 மில்லி, கொண்டிருப்பது 97 மில்லி. ஆக, ஒரு குவார்ட்டர் என்பது முக்கால் பாட்டில் ஒயினுக்கும் மேலே. அதைப் பத்து நிமிஷத்தில் உள்ளே தள்ளிவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்கிறோம்.

உள்ளே இருப்பது என்ன? இந்தியாவில் விற்கும் மலிவான பிராந்தி, விஸ்கியில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவை. தானியத்திலிருந்து எடுக்காததை விஸ்கி என்று சொல்லி விற்க ஐரோப்பிய யூனியன் அனுமதிப்பதில்லை. நம் விதிப்படி 'கலப்பு பிராந்தி' என்று போட்டுக்கொள்ள, நூற்றுக்கு இரண்டு பங்கு அசல் திராட்சை பிராந்தி இருந்தால் போதும். பாக்கி 98 பங்கு வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் லேபிளில் திராட்சைக்கொத்துப் படம் மட்டும் முழுசாக இருக்கும்!

பாட்டில் மூடியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்பீர்கள். அது வரிக்கான முத்திரை சார், ருசிக்கானதல்ல. ஆலையில் பரிசோதனை நடக்கிறது என்கிறார்கள். நல்லது, நடக்கட்டும். அந்த ரிசல்ட் காசு கொடுக்கிறவன் கண்ணில் ஏன் படுவதில்லை?

என் நண்பன் சொன்னான்: "எங்க கேட்டுக்குள்ள ஒரு போல்ட் வரணும்னாகூட டெஸ்ட் சர்டிஃபிகேட் வேணும்டா. எந்த உருக்கு, எந்த பேட்ச், யார் சோதிச்சது, எல்லாம் பேப்பர்ல இருக்கணும். இல்லைன்னா லாரியைத் திருப்பி அனுப்பிடுவோம்." ஒரகடத்தில் காரை மோதவிட்டுச் சோதிக்கவே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காருக்குள் போகும் போல்ட்டுக்கு ஜாதகம் உண்டு. அந்த போல்ட்டை முடுக்கும் தொழிலாளியின் குடலுக்குள் போவதற்கு இல்லை.

கையில் காசில்லாமலா இது? 2024-25-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். நான் படித்த காமர்ஸில் வாடிக்கையாளர்தான் ராஜா என்று சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை கோடி கொடுக்கும் ராஜாவுக்கு முதல் மடக்கை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமைகூடக் கிடையாது. கேட்டால் 'குடிகாரனுக்கு என்ன ருசி வேண்டிக்கிடக்கு' என்பார்கள். அவன் காசு மட்டும் இனிக்கும்.

கடிதம் எழுதப்போகும் வாசகர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் உடம்புக்குப் பத்திரம் என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒயினுக்கும் அதுதான் விதி. இதய நோய்க்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மெத்தனாலை நாக்கால் பிரித்தறிய முடியாது. 2023 மே மாதம் மரக்காணத்திலும், வாலாஜாபாத்துக்குப் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் சித்தாமூரிலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அந்தச் சாவுகள் கள்ளச் சந்தையின் விஷத்தால் வந்தவை, டாஸ்மாக் பாட்டிலால் அல்ல. ஆனால் 'என்ன இருந்தால் என்ன, ஊற்று' என்று விழுங்கப் பழகிய தொண்டைதான் விஷ வியாபாரிக்கும் மூலதனம். அந்தப் பழக்கத்தை சட்டபூர்வமான கவுன்ட்டரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நாம் எப்போதும் இப்படியில்லை. இதே பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்ற கிராமத்தில், ரோமானிய நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளைத் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அரிக்கமேட்டிலும் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவின் நறுமணத்தைப் புறநானூற்றில் ஒரு புலவர் வியந்து பாடியிருக்கிறார். ஊருக்குள் ஒன்று வந்தால் முதலில் மோந்து பார்த்த பரம்பரை நம்முடையது. இன்றைக்கோ கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கி மார்தட்டிக்கொள்கிறோம். பிராந்தியில் எத்தனை பங்கு திராட்சை என்று கேட்க மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. கேட்டிருந்தால் அந்த விவசாயிக்காவது ஒரு வழி பிறந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. மூன்றே விஷயம். ஒன்று, இந்த பாட்டிலின் சாராயம் எதிலிருந்து எடுத்தது, எத்தனை பங்கு, என்ன நிறமி, என்ன எசென்ஸ் என்று தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் லேபிளில் போடுங்கள். இரண்டு, ஒவ்வொரு பேட்ச்சின் ஆய்வக அறிக்கையையும் கடை வாசலில் ஒட்டுங்கள். மூன்று, திராட்சை இரண்டு பங்கு என்றால் படமும் இரண்டு பங்குதான். இதில் அரசுக்கு நஷ்டம் ஒன்றும் வராது. ஒருவேளை, படித்துவிட்டுச் சிலர் பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம். அந்தப் பயம்தான் தடை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காமல், ஏழு டம்ளரையும் சரியாக எடை போட்டவர் அந்தம்மாதான். தமிழ்நாட்டில் குடியின் கணக்கைக் கடைசியில் தீர்ப்பவர்கள் பெண்கள். அவர்கள் மூக்கை யாரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிச் சரக்கு கேட் தாண்டியிருக்காது.

போன வாரம் மாமா போன் செய்தார். குரலில் கோபம்.

"ஏன் தம்பி, நல்லா இருப்பியா நீ? இப்பல்லாம் மூடியைத் திறந்தாலே வார்னிஷ் வாசனைதான் வருது. பாதி குவார்ட்டர் அப்படியே கிடக்கு."

மன்னிப்புக் கேட்டேன். மனதார அல்ல.